பஞ்சாபியின் வட்டார வழக்குகளைக் காதால் பிரித்தறிய: ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு கோசுக்கு (கோசு என்பது பழைய தொலைவு அளவு) ஒருமுறை பேச்சு மாறும் என்று பஞ்சாபில் சொல்வார்கள். கேட்டுப் பழகினால் அது உண்மைதான் என்று தெரியும். ஆனால் வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வருபவருக்கு எல்லாமே ஒரே பஞ்சாபியாகத்தான் காதில் விழும். பாடப்புத்தகமும் செயலியும் கற்றுத்தருவது ஒரே ஒரு பஞ்சாபியைத்தான். அதை முடித்துவிட்டு ராவல்பிண்டிக்காரர் ஒருவரிடமோ முல்தான்காரர் ஒருவரிடமோ பேச உட்கார்ந்தால் பாதி புரியாது.

பேசுகிறவர் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர் என்று ஓரளவு நம்பிக்கையோடு கணிக்கப் படிப்படியாகப் பழகுவதற்கான வழிகாட்டி இது. கொஞ்சம் பஞ்சாபி தெரிந்திருந்தால் நல்லது. பாட்டு கேட்ட பழக்கம் மட்டும் இருந்தாலும் போதும்.

என் அணுகுமுறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழுத்துப் பேசும் தொனியையும், 'இந்த ஊரில் இதற்கு இப்படிச் சொல்வார்கள்' என்கிற பெயர்ச்சொற்களையும் நம்பி இறங்காதீர்கள். பெயர்ச்சொற்கள் பாட்டிலும் சினிமாவிலும் ஏறி ஊர் ஊராகப் போய்விடும். வேற்றுமை உருபும் வினைமுற்றின் விகுதியும் அவ்வளவு சுலபமாக இடம் மாறுவதில்லை. ஒருவர் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, படித்து, பேச்சைச் சீராக்கிக்கொண்ட பிறகும், அவசரமாகப் பேசும்போது 'எனக்கு' என்பதற்கு அவர் வாயில் வரும் சொல் அவருடைய ஊரைச் சொல்லிவிடும்.

முதல் படி: ஆறுகளை வரிசையாகப் படியுங்கள்

மேற்கிலிருந்து கிழக்காக ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லஜ். ஜீலத்துக்கும் மேற்கே சிந்து. இந்த வரிசையை மனப்பாடம் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். பஞ்சாபி வட்டாரங்களின் பெயர்கள் பெரும்பாலும் ஆறுகளை வைத்துத்தான் பிடிபடும்.

பியாஸுக்கும் ராவிக்கும் நடுவிலும், ராவியைத் தாண்டியும் பரந்திருப்பது மாஜா. இங்குள்ள பேச்சு மாஜீ. அமிர்தசரஸ், தரன் தாரன், குர்தாஸ்பூர் இந்தியப் பக்கம்; லாஹூர், கசூர், ஷேக்குபுரா, குஜ்ரன்வாலா, சியால்கோட் பாகிஸ்தான் பக்கம். இரண்டு நாட்டிலும் எழுத்துப் பஞ்சாபிக்கு அடித்தளம் இதுதான். லாஹூரும் அமிர்தசரஸும் அச்சுக்கும் அரசியலுக்கும் சமயத்துக்கும் மையமாக இருந்ததுதான் அதற்குக் காரணம். மாஜீக்கென்று தனி உயர்வு எதுவும் கிடையாது. கிறித்தவ மிஷனரிகள் 1854இல் அச்சிட்ட பஞ்சாபி அகராதி லூதியானாவிலிருந்து வந்தது. லூதியானா இருப்பதோ மால்வா பகுதியில். வரலாறு சற்றுத் திரும்பியிருந்தால் இன்றைய 'தரமான பஞ்சாபி' வேறு மாதிரி ஒலித்திருக்கும்.

பியாஸுக்கும் சட்லஜுக்கும் இடைப்பட்டது தோஆபா: ஜலந்தர், கபூர்தலா, ஹோஷியார்பூர், நவான்ஷஹர். பேச்சு தோஆபீ. சட்லஜுக்குத் தெற்கே விரிவது மால்வா: லூதியானா, மோகா, பட்டிண்டா, பரீத்கோட், சங்ரூர், மான்சா. பேச்சு மால்வாயீ. இது மத்தியப் பிரதேசத்து மால்வா இல்லை. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும், கவனம். அதற்குக் கிழக்கே, சட்லஜுக்கும் கக்கர் ஆற்றுக்கும் நடுவே புவாத்: ரோபர், மொஹாலி, சண்டிகர், ராஜ்புரா, அம்பாலா வரை. பேச்சு புவாதீ.

பாகிஸ்தானில் வடமேற்கே போனால் போட்டோஹார் பீடபூமி: ராவல்பிண்டி, குஜர் கான், ஜீலம், மாகாண எல்லை தாண்டி மீர்பூர். பேச்சு போட்டோஹாரீ. இன்னும் வடமேற்கே அபோட்டாபாத், ஹரிப்பூர், பெஷாவர் நகரம் ஆகிய இடங்களில் ஹிந்த்கோ. நடுவில் சர்கோதா, ஜங் பக்கம் ஷாஹ்பூரீ, ஜங்கவீ. தெற்கே முல்தான், பஹாவல்பூர், தேரா காஜி கான் பகுதிகளில் சராய்கீ. வடகிழக்கு மலையடிவாரத்தில் ஜம்முவின் டோக்ரி, காங்க்ராவின் காங்க்ரீ.

எண்ணிக்கையையும் மனதில் வையுங்கள். 2011 இந்தியக் கணக்கெடுப்பில் பஞ்சாபியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 3.3 கோடி. 2023 பாகிஸ்தான் கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களில் சுமார் 37 விழுக்காடு, கிட்டத்தட்ட 8.9 கோடி. சராய்கீ பேசுவோர் இதில் சேரவில்லை. அவர்கள் தனியாக 12 விழுக்காடு. ஆக, இந்தியப் பக்கம் பஞ்சாபி எழுதப் பயன்படும் குர்முகி எழுத்துப் புத்தகங்களை மட்டும் வைத்துப் பஞ்சாபி படிப்பவர் அந்த மொழியின் ஒரு சிறு பங்கைத்தான் பார்க்கிறார்.

இரண்டாம் படி: மூன்று ஒலிகளுக்குக் காதைத் தயார் செய்யுங்கள்

முதலாவது, சுரம். பஞ்சாபி, சுரத்தால் பொருள் மாறும் மொழி. இந்திய-ஆரிய மொழிகளில் இது அபூர்வம். கிரஹாம் பெய்லி என்பவர் 1910களில் இதை விரிவாகப் பதிவு செய்தார். 'கோடா' என்று தமிழில் எழுதிப்பாருங்கள். குரலைத் தாழ்த்தி எடுத்துச் சொன்னால் குதிரை, ஏற்றிச் சொன்னால் தொழுநோயாளி, சமமாகச் சொன்னால் சாட்டை. குதிரை என்ற சொல்லைக் குர்முகியில் எழுதும்போது முதலெழுத்து மூச்சோடு கூடிய 'க'. ஹிந்தியின் 'கோடா'வில் உள்ள அதே எழுத்து. ஆனால் மாஜீ, மால்வாயீ, தோஆபீ பேச்சில் அந்த மூச்சும் அதிர்வும் போய்விட்டன. சாதாரண 'க'வும் தாழ்ந்த சுரமும்தான் மிச்சம். தமிழ்க்காதுக்கு இது வசதியானது. மூச்சொலிகளைத் தேடி அலையாமல், குரல் இறங்குகிறதா ஏறுகிறதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்றால், சராய்கீயில் அந்த மூச்சொலி அப்படியே இருக்கிறது. 'வீடு' என்பதற்கான 'கர்' என்ற சொல்லை லாஹூர்காரர் தாழ்ந்த சுரத்தோடு மூச்சில்லாமல் சொல்வார். முல்தான்காரர் மூச்சு விட்டே சொல்வார். ஒரே சொல்லில் தெற்கும் நடுவும் பிரிந்துவிடும்.

இரண்டாவது, சராய்கீயில் மட்டும் தெளிவாகக் கேட்கும் உள்ளிழுப்பு ஒலிகள். ப, ட, ஜ, க ஆகியவற்றின் அதிர்வொலிகளைச் சொல்லும்போது குரல்வளை கீழே இறங்கி, காற்று ஒரு கணம் உள்ளே போகும். சிந்தி மொழியிலும் இவை உண்டு. முதலில் கேட்கும்போது பேசுகிறவர் ஒலியை விழுங்குவதுபோல் தோன்றும். ஜங் பக்கத்திலும் இவற்றின் சாயல் கிடைக்கும்.

மூன்றாவது, நமக்கு இயல்பாகவே வரும் ண, ள. ஹிந்தி பேசுபவர்கள் பஞ்சாபி கற்கும்போது திணறும் இடம் இது. தமிழருக்கு உழைப்பே இல்லை. 'கோலீ' என்றால் பணிப்பெண், 'கோளீ' என்றால் மாத்திரை அல்லது துப்பாக்கிக் குண்டு. குர்முகியில் 'ள'வுக்குப் புள்ளியிட்ட எழுத்து உண்டு, ஆனால் பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள். பாகிஸ்தானின் ஷாஹ்முகி எழுத்தில் இதற்கென்று தனி எழுத்து யூனிகோடில் 2020இல்தான் சேர்ந்தது. எழுத்தில் காணாத 'ள' பேச்சில் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். நகரத்துப் பேச்சில், உருதுவும் ஹிந்தியும் நெருங்கிய இடங்களில், இது தேய்ந்து 'ல' ஆவதுண்டு.

மூன்றாம் படி: ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துச் சோதியுங்கள்

'எனக்கு வேலை இருக்கிறது, நாளைக்கு உங்கள் வீட்டுக்குப் போவேன்.' இந்த வாக்கியத்தை அவரவர் வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். தேவையான தடயங்கள் நான்கும் இதில் இருக்கின்றன: 'எனக்கு', 'உங்கள்', 'போ' என்ற வினை, எதிர்கால விகுதி. 'வீடு' என்ற சொல்லில் சுரமும் கிடைத்துவிடும்.

கீழே சொல்லின் கடைசியில் வரும் 'ங்' என்பதைத் தனி மெய்யாகச் சொல்லாமல், முந்தைய உயிரை மூக்கின் வழியே விட்டுப் படியுங்கள். மாஜீயில் ஏறக்குறைய இப்படி வரும்: மைனூங் கம் ஐ, மைங் கல் துஹாடே கர் ஜாவாங்கா. மால்வாயீயில்: மைனூங் கம் ஐ, மைங் கல் தோடே கர் ஜாஊங்கா. போட்டோஹாரீயில்: மிக்கீ கம் ஐ, மைங் கல் துஸாங் நே கர் கச்ஸாங். சராய்கீயில்: மைக்கூங் கம் ஹே, மைங் கல் துஹாடே கர் வேஸாங். ஊருக்கு ஊர் உயிரொலி சற்று நீளும், குறுகும். ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'எனக்கு'. நான் எப்போதும் முதலில் கேட்பது இதைத்தான். மைனூங் என்றால் மாஜா, தோஆபா, மால்வா. மிக்கீ என்றால் போட்டோஹார் அல்லது மீர்பூர். மைக்கூங் என்றால் சராய்கீ. அதே 'மிகீ' மெல்லிய ககரத்தோடு வந்தால் டோக்ரி. மிஞ்ஜோ என்றால் காங்க்ரா. ஒரு வாக்கியம் முழுக்கப் புரியாவிட்டாலும், இந்த ஒரு சொல்லைப் பிடித்துவிட்டால் வரைபடத்தில் கை வைத்துவிடலாம்.

அடுத்து 'உங்கள்', கூடவே உடைமை உருபு. பெரும்பாலான வழக்குகளில் 'உடைய' என்பதற்கு தா, தீ, தே வரும் ('பந்து' என்பதில் உள்ள தகர ஒலி). போட்டோஹாரீயில் மட்டும் அது நா, நீ, நே. மற்ற பஞ்சாபிக்காரர்களே இதைக் கேட்டு முதலில் குழம்புவார்கள், ஏனென்றால் 'நா' என்பது இல்லை என்ற பொருளிலும் வரும். மால்வாயீயில் துஹாடா சுருங்கி தோடா ஆகிவிடும். 'உங்களுக்கு' என்பது தோனூங். புவாதீயில் தாரா (உங்கள்), ம்ஹாரா (எங்கள்). பக்கத்து ஹரியாணாவிலும் இதே சொற்கள்தான்.

எதிர்காலம். இது பெரிய பிளவு. கிழக்கில் 'கா' விகுதி: கராங்கா, செய்வேன். மேற்கிலும் தெற்கிலும் 'ஸ்' விகுதி: கர்ஸாங். மால்வாயீயில் படர்க்கைக்கு இன்னும் சுருங்கிய வடிவம் உண்டு: ஜாவேகா என்பதற்குப் பதில் ஜாஊ, கரேகா என்பதற்குப் பதில் கரூ. இந்த 'ஸ்' விகுதியைக் கிழக்கத்தியர் சிலர் அந்நியமாக நினைக்கிறார்கள். ஆனால் குரு நானக்கின் ஜப்ஜி தொடக்கத்திலேயே, சீக்கியர்கள் அன்றாடம் ஓதும் இடத்தில், 'இருப்பான்' என்பதற்கு 'ஹோஸீ' என்றுதான் வருகிறது. அவர் பிறந்த தல்வண்டி, இன்றைய நன்கானா சாஹிப், ராவிக்கு மேற்கே இருக்கிறது. அமிர்தசரஸில் இன்று யாரும் தெருவில் 'ஹோஸீ' என்று பேசுவதில்லை, வழிபாட்டில் தினமும் சொல்கிறார்கள். பழைய பஞ்சாபிப் பாடல்களைப் படிக்க நினைப்பவர்கள் மேற்கத்திய வழக்கைக் கொஞ்சமாவது கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

'போ' என்ற வினை. கிழக்கில் ஜா. சராய்கீயிலும் ஜங் பக்கத்திலும் வஞ். போட்டோஹாரீயில் கச், அதன் இணையாக 'வா' என்பதற்கு அச். போட்டோஹாரிலும் ஹிந்த்கோ பகுதியிலும் 'ஜுலோ' என்றும் கேட்கலாம்; 'போகலாம், கிளம்புங்கள்' என்ற பொருள். 'பார்' என்பதற்கும் கவனியுங்கள்: மாஜாவில் வேக், போட்டோஹாரில் தக்.

நான்காம் படி: கிழக்குக்குள்ளேயே நுணுகிப் பிரியுங்கள்

மைனூங் என்று கேட்டாயிற்று, 'கா' விகுதியும் வந்தாயிற்று. சரி, இவர் மாஜாவா, தோஆபாவா, மால்வாவா? இதுதான் கடினமான இடம், பொறுமை வேண்டும்.

'வ' என்ன ஆகிறது என்று பாருங்கள். இருபது என்பது மாஜாவில் வீஹ். தோஆபாவிலும் மால்வாவிலும் அது பீஹ் ('அன்பு' என்பதில் வரும் பகர ஒலி). 'உள்ளே' என்பதற்கான விச்ச், அங்கே பிச்ச். சொல் முதலில் 'வ' உறுதியாக நின்றால் மாஜா என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு, சொல் நடுவில் வரும் 'வ'. மால்வாயீயில் அது 'ம' ஆகும். 'எப்படி' என்பதற்கான கிவேங், பட்டிண்டா பக்கம் கிமேங். 'சும்மா' என்பதற்கான ஐவேங், ஐமேங். 'முற்றிலும்' என்ற பொருளில் ஜமாங் என்று அடிக்கடி வந்தால் ஐயமே வேண்டாம், மால்வா. தோஆபாவில் அதே 'எப்படி'க்கு கித்தாங் என்ற வடிவம் ஓங்கி நிற்கும் (நடுவில் உள்ள தகரம் மெல்லொலி). பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கத்திலிருந்து ஏராளமானோர் குடிபெயர்ந்ததால், அங்கெல்லாம் 'கித்தாங்' ஒரு பொது வணக்கமாகவே ஆகிவிட்டது. அதனால் இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

'இருந்தது' என்பதற்கு மாஜாவில் ஸீ. மால்வாவிலும் தோஆபாவிலும் ஸீகா, ஸீகீ, ஸீகே என்று நீளும். புவாதில் தா, தீ, தே என்று ஹிந்தியை ஒட்டி வரும் (இங்கே தகரம் மூச்சொலி; 'உடைய' என்பதற்கான தா, தீ, தே வேறு).

மால்வாயீயில் தமிழருக்கு மிகவும் பிடிக்கக்கூடிய ஒன்று உண்டு. 'அஸீங்' என்பது நாங்கள். 'ஆபாங்' என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொண்ட நாம். 'ஆபாங்' மற்ற வட்டாரங்களிலும் கேட்கும், ஆனால் மால்வாக்காரர் வாயில் அது ஓயாமல் வரும். ஹிந்தி வழியாகப் பஞ்சாபி படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவார்கள். நாம் தவறவிடக் காரணமே இல்லை.

புவாதீ பற்றி இரண்டு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் சொல்வதில்லை. 1950களில் சண்டிகர் நகரம் எழுந்தது புவாதீ பேசும் கிராமங்களின் நிலத்தில். 1966இல் மாநிலம் பிரிந்தபோது புவாத் பஞ்சாப், ஹரியாணா, சண்டிகர் என்று துண்டானது. இந்தப் பேச்சுக்குப் பெரிய நகரமோ திரைப்படமோ துணைக்கு இல்லை. ம்ஹாரா, தாரா என்று பேசும் பிள்ளைகள் பள்ளியில் கேலிக்குள்ளாகி மாற்றிக்கொள்கிறார்கள். கற்பவர்கள் நேரம் ஒதுக்கி முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யத்தக்க வழக்கு இதுதான் என்பேன்.

ஐந்தாம் படி: மேற்கே வினையின் வாலைக் கவனியுங்கள்

சராய்கீயிலும் போட்டோஹாரீயிலும், ஓரளவு மேற்கு மாஜீயிலும், வினையோடு ஆளைக் காட்டும் ஒட்டு சேரும். சராய்கீயில் 'ஆக்யும்' என்றாலே 'நான் சொன்னேன்', 'ஆக்யுஸ்' என்றால் 'அவர் சொன்னார்'. தனியாக நான், அவர் என்று சொல்லத் தேவையில்லை. கிழக்குப் பஞ்சாபியில் இந்த வசதி ஏறக்குறைய மறைந்துவிட்டது. 'சொன்னேன்' என்று ஒரே சொல்லில் பேசிப் பழகிய நமக்கு இது எளிது. கேட்கும்போது வினையின் கடைசி அசையைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

ஆறாம் படி: மொழியா, வழக்கா என்ற கேள்வியில் நிதானம்

பிரிட்டிஷ் ஆட்சிக்கால மொழியறிஞர் ஜார்ஜ் கிரியர்சன் தம் இந்திய மொழிக் கணக்கெடுப்பில் மேற்கத்திய வழக்குகளை 'லஹ்ந்தா' என்று தனி மொழியாகப் பிரித்து, 1919இல் வெளியான தொகுதியில் வைத்தார். கிழக்குப் பஞ்சாபி 1916 தொகுதியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கூர்மையான எல்லை இல்லை, ஒன்று மற்றொன்றில் மெல்லக் கரைகிறது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். லஹ்ந்தா என்ற பெயரைப் பேசுகிற மக்கள் யாரும் தமக்கு வைத்துக்கொண்டதில்லை.

முல்தானீ, ரியாஸ்தீ என்றெல்லாம் தனித்தனியாக அழைக்கப்பட்ட தெற்கத்தியப் பேச்சுகள் 1960களில் சராய்கீ என்ற ஒரே பெயரில் திரண்டன. 1981 கணக்கெடுப்பில் பாகிஸ்தான் சராய்கீயையும் ஹிந்த்கோவையும் தனி மொழிகளாக எண்ணத் தொடங்கியது. டோக்ரி 2003இல் இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. இவற்றை இன்னமும் 'பஞ்சாபியின் கிளை' என்று சொல்பவர்களும் உண்டு, மொழியியல் காரணங்களோடு. ஆனால் பேசுகிறவர் தம் மொழிக்கு என்ன பெயர் சொல்கிறாரோ அந்தப் பெயரையே நீங்களும் சொல்லுங்கள். முல்தான்காரரிடம் 'உங்கள் பஞ்சாபி நன்றாக இருக்கிறது' என்பது பாராட்டு ஆகாது.

ஏழாம் படி: வரைபடம் பொய் சொல்லும் இடங்கள்

பைசலாபாத் வரைபடப்படி நடுமேற்கில் இருக்கிறது. ஆனால் 1890களில் செனாப் கால்வாய் வந்து லயல்பூர் என்ற பெயரில் அந்த ஊர் உருவானபோது, கிழக்கு மாவட்டங்களிலிருந்து உழவர்கள் கொண்டுவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டார்கள். 1947இல் ஜலந்தர், லூதியானா பக்கத்து முஸ்லிம்கள் அகதிகளாக அங்கே வந்து சேர்ந்தார்கள். அதனால் பாகிஸ்தானின் நடுவில் தோஆபா வாடை வீசும். ஆற்றங்கரைப் பழங்குடிகள் பேசும் ஜங்கவீ சாயலுள்ள பேச்சு அதே மாவட்டத்தில் தனியாக இருக்கும்.

எதிர்த்திசையில், முல்தான், ராவல்பிண்டி பக்கத்து இந்துக்களும் சீக்கியர்களும் 1947இல் டில்லிக்கும் ஹரியாணாவின் நகரங்களுக்கும் வந்தார்கள். அந்த வீடுகளில் பாட்டி 'மைக்கூங்' என்பார், மகன் 'மைனூங்' என்பார், பேரன் ஹிந்தி பேசுவான்.

மங்களா அணை 1967இல் முடிந்தது. மீர்பூர் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள், பலர் பிரிட்டனுக்குப் போனார்கள். பிராட்ஃபோர்டிலும் பர்மிங்ஹாமிலும் பாகிஸ்தானியர் பேசும் 'பஞ்சாபி' பெரும்பாலும் மீர்பூரீ, அதாவது போட்டோஹாரீ. அதே நகரத்துச் சீக்கியர்களின் பேச்சோ தோஆபீ பக்கம் சாயும். ஒரே தெருவில் 'மிக்கீ'யும் 'மைனூங்'கும் கேட்கும்.

எட்டாம் படி: பயிற்சி

பாட்டிலிருந்து தொடங்கலாம், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். லூதியானாவைச் சேர்ந்த சம்கீலா, பட்டிண்டா மாவட்டத்துக் குல்தீப் மானக் ஆகியோரின் குரலில் மால்வாயீ கிடைக்கும். மியான்வாலி மாவட்டத்து அத்தாவுல்லா கான் ஈசாகேல்வியிடம் சராய்கீ கிடைக்கும். பாட்டில் யாப்புக்காக வடிவங்கள் மாறும், இன்றைய திரைப்பாடல்களில் எல்லாம் கலந்திருக்கும். அதைவிடப் பயன் தருபவை, முதியவர்கள் 1947 நினைவுகளைச் சொல்லும் காணொளிகள். யாரும் எழுதிக் கொடுக்காத பேச்சு. பிறந்த ஊரையும் பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு காணொளியை முதலில் ஊர்ப்பெயர் வரும்வரை கேட்காமல், நடுவிலிருந்து கேளுங்கள். ஒரு தாளில் 'எனக்கு', 'உடைய', 'போ', எதிர்காலம், 'இருந்தது' என்று ஐந்து கட்டம் போட்டு, காதில் விழுந்த வடிவத்தை அப்படியே குறியுங்கள். மூன்று கட்டம் நிறைந்ததும் ஊகத்தை எழுதிவிட்டுத் தொடக்கத்துக்குப் போய்ச் சரிபாருங்கள். இரண்டு கட்டம் ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் இழுத்தால் பெரும்பாலும் அது எல்லையோர ஊராகவோ இடம்பெயர்ந்த குடும்பமாகவோ இருக்கும்.

நேரில் பேசும்போது, 'நீங்கள் மால்வாதானே?' என்று கண்டுபிடிப்பை முகத்துக்கு நேரே வீசவேண்டாம். பஞ்சாபிகள் தங்களுக்குள் கேட்பதைப் போலவே கேளுங்கள்: 'பிச்சோங் கித்தே தே ஓ?' பூர்வீகம் எந்த ஊர் என்று பொருள். இந்தக் கேள்விக்குக் கிராமத்தின் பெயர் வரும், பிறகு தாத்தா விட்டுவந்த கிராமத்தின் பெயர் வரும், அதற்குள் நீங்கள் கேட்க வேண்டிய உருபுகள் எல்லாமே வந்து விழுந்திருக்கும்.